துரைகிட்ட சொல்லு

மைக்கம்மாவுக்கு வாய் இல்லை என்று யாராவது சொன்னால் அந்தப் பேருந்து நிலையமே கைகொட்டிச் சிரிக்கும். வேலை பார்த்த காலமெல்லாம் பயணிகள் விசாரணைக் கூண்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது பழுதாகிக் கிடக்கிறது, யாருடைய பெட்டியை யார் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், எல்லாம் அவள் வாயால் சொன்னால்தான் ஊருக்குத் தெரியும். குடித்துவிட்டு வந்து கூண்டைத் தட்டிய ஒருவனை, "தம்பி, உங்க வண்டி வந்துடுச்சு, உங்க புத்திதான் இன்னும் வரல" என்று மைக்கிலேயே அறிவித்து வழியனுப்பியவள். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான்.

அப்பேர்ப்பட்டவள் சொந்த மாப்பிள்ளையின் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டையா என்றால் இல்லை. பகையா என்றால் அதுவும் இல்லை. வெட்கம், அவ்வளவுதான். சிரிக்காதீர்கள், எதிரில் இருந்தவரும் அதே ரகம். மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்பக்கத்தில் லென்ஸ் தேய்க்கிற வேலை அவருக்கு. நாள் முழுக்க இயந்திரச் சத்தத்தில் இருந்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மனிதருக்குப் பேச்சு என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருக்கும். கல்யாணமான புதிதில், "மாப்பிள்ளைக்கு டீயா காப்பியான்னு கேளுடி" என்றாள் இவள் மகளிடம். "எதுவா இருந்தாலும் சரின்னு அத்தைகிட்ட சொல்லு" என்றார் அவர் மனைவியிடம். மூன்று பேரும் ஒரே அறையில், கை நீட்டினால் தொடும் தூரத்தில். அன்றைக்குத் தொடங்கியது அப்படியே நின்றுவிட்டது.

ஓய்வு பெற்று மகள் வீட்டோடு வந்து தங்கிய பிறகும் அதே கதைதான். "நான் என்ன தபால்காரியா? ரெண்டு பேருக்கும் வாய் இருக்குல்ல?" என்று மகள் கத்துவாள். கத்திவிட்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லியும் வைப்பாள்.

போன வருஷம் அந்த மகள் போய்விட்டாள். காய்ச்சல் என்று படுத்தவள், மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள், கண் திறக்காமலே போய்விட்டாள். வீட்டில் மிஞ்சியது மாமியார், மாப்பிள்ளை, மகள் தெருவிலிருந்து தூக்கிவந்து வளர்த்த நாய். பழுப்பு நிறம், ஒரு காது மடங்கியிருக்கும். யார் கூப்பிட்டாலும் எழுந்து வராது, தலையை மட்டும் தூக்கிப் பார்க்கும். அந்தத் திமிருக்காகத்தான் மகள் அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள். கொஞ்ச நாள் அந்த வீட்டில் பாத்திரச் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. பிறகு ஒரு காலையில் மைக்கம்மா நாயைப் பார்த்துச் சொன்னாள்: "துரை, சட்டையில பட்டன் போயிருக்கு, கழட்டி வச்சா தச்சுத் தரேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டார். "துரை, ரொம்ப தேங்க்ஸ்னு அத்தைகிட்ட சொல்லு" என்றார். நாய் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. அந்த வேலைக்கு மறுபடியும் ஆள் கிடைத்துவிட்டது.

இப்படியே காலம் ஓடியிருக்கும். விதி விட்டால்தானே? கண்ணாடிக் கடையை மூடிவிட்டார்கள். மாப்பிள்ளைக்கு வேறு ஒரு ஊரில், லென்ஸ் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. சேதி தெரிந்ததும் தூரத்து ஊரிலிருந்து மைக்கம்மாவின் மகன் போன் செய்தான். "அம்மாவ இங்க கொண்டுவந்து விட்டுடுங்க மாமா. அக்காவே இல்ல, இனிமே உங்களுக்கு எதுக்குச் சிரமம்?" நியாயமான பேச்சு. மகள் இல்லாத வீட்டில் மாமியாருக்கு என்ன வேலை என்று நாலு பேர் கேட்காமலா இருப்பார்கள்? மாப்பிள்ளை போனை வைத்துவிட்டு நாயின் மடங்கிய காதை நீவிவிட்டார். பிறகு, "துரை, நீயும் அத்தைகூடப் போயிடு. அங்க அவங்களுக்குப் பேச்சுத்துணை வேணும்ல" என்றார்.

மைக்கம்மா வந்த அழுகையை மென்று விழுங்கினாள். நாயையும் சேர்த்து அனுப்புகிறாரே, மகள் இருந்த அடையாளமே வேண்டாம் போலிருக்கிறது என்று நினைத்தாள். அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு வார்த்தை: என்னோடு வாருங்கள் என்று. ஒரு தடவை கேட்டால் போதும், மகனுக்கு ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு அந்தப் புது ஊருக்குப் போய் அடுப்பைப் பற்றவைத்துவிடுவாள். மகன் பாசமானவன்தான், குறை சொல்லக் கூடாது. ஆனால் அவன் சின்ன வயதிலேயே படிக்கப் போனவன், அவனுக்கு அக்கா என்றால் விடுமுறைக்குப் பார்த்த அக்கா. தன் மகள் எந்தப் பக்கம் சாய்ந்து தூங்குவாள், எதைப் பார்த்தால் பயப்படுவாள் என்று தெரிந்த மனிதர் உலகத்தில் இன்னும் ஒருவர்தான் பாக்கி. அவரை விட்டுப் போனால் மகள் இன்னொரு தடவை சாவாள். மைக்கம்மாவுக்கு அப்படித்தான் பட்டது.

கார் கிளம்பியது. முன் இருக்கையில் துரை, பின் இருக்கையில் பெட்டிகளோடு பெட்டியாக மைக்கம்மா. மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்வதாவது? நாய்க்கு அந்தக் கூச்சம் எதுவும் கிடையாது. சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, சாலையை மேற்பார்வை பார்த்துக்கொண்டு வந்தது.

"துரை, ஏசி அதிகமா இருக்கான்னு கேளு."

"துரை, எனக்கு ஒண்ணுமில்ல, உங்கப்பாவுக்கு எது சௌகரியமோ வச்சுக்கட்டும்."

"துரை, முன்னாடி ஒரு டீக்கடை வருது, நிறுத்தவான்னு கேளு."

"துரை, இப்பதானே குடிச்சோம். வண்டியில எண்ணெயா ஓடுது, டீயா ஓடுது?"

மாப்பிள்ளையின் தோள் குலுங்கியது. சிரிக்கிறார். மைக்கம்மாவுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்தது. அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். லாரிகள்கூட முந்திக்கொண்டு போயின. பார்க்கும் கடையிலெல்லாம் நிறுத்தினார். போய்ச் சேர மனமில்லாதவர் மாதிரி இருக்கிறாரே என்று அவள் முதலில் ஆசைப்பட்டாள், அப்புறம் தன்னையே திட்டிக்கொண்டாள். உள்ளூரில் கடைக்கும் வீட்டுக்கும் ஓட்டிய மனிதர், நெடுஞ்சாலையில் வேறு எப்படி ஓட்டுவார்?

மத்தியானம் நாய் வாந்தி எடுத்தது. சீட்டெல்லாம் நாறியது. ஓரமாக நிறுத்தி, பழைய செய்தித்தாளால் துடைத்து, தண்ணீர் காட்டினார்கள். மாப்பிள்ளை குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதன் வாயைத் துடைத்தார்.

"என்ன துரை, பிடிக்கலையா? பேசாம எல்லாரும் திரும்பிப் போயிடலாமா?"

எல்லாரும். எல்லாரும் என்றால் அவளும்தானே? போலாம்னு சொல்லு துரை. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் வாய் என்று ஒன்று இருக்கிறதே, வாழ்நாள் முழுக்கக் கூண்டுக்குள் உட்கார்ந்து கேட்ட கேள்விக்கெல்லாம் சுடச்சுடப் பதில் சொல்லிப் பழகிய வாய், அது முந்திக்கொண்டது.

"துரை, ஸ்டாண்ட விட்டுக் கிளம்பின வண்டி திரும்பி வராதுன்னு சொல்லு."

சொன்ன அடுத்த கணமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். மாப்பிள்ளை தாளைச் சுருட்டிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வண்டியை எடுத்தார். பாவி, பாவி என்று பின் இருக்கையில் அவள் தன்னைத்தானே வைதுகொண்டு வந்தாள். தன் வாயே தனக்குப் பகை.

வழியில் ஒரு சிறிய ஊரில் நாய் வைத்தியரைப் பார்த்தார்கள். "கார்ல போனா சிலதுக்கு இப்படித்தான். காலையில கிளம்புறப்ப ஒண்ணு குடுங்க, தூங்கிட்டே வரும்" என்று மாத்திரை அட்டை ஒன்றைக் கொடுத்தார்.

பொழுது சாயும்போது ஒரு விடுதியில் இறங்கினார்கள். மேசையில் இருந்தவர் நாயையும் இவளையும் ஒரு மாதிரியாகப் பார்த்து, "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்றார்.

"எங்க அம்மா" என்றார் மாப்பிள்ளை, சாவியை வாங்கிக்கொண்டே.

மைக்கம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. திரும்பி நின்று, சுவரில் மாட்டியிருந்த அருவிப் படத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கி வந்த ரொட்டியையும் முட்டையையும் மூவரும் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாய்க்கு ரொட்டியைப் பிய்த்துப் போட்டபடி மாப்பிள்ளை பேச ஆரம்பித்தார். அவரிடம் அவ்வளவு பேச்சு இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

"நான் பாத்திருக்கிற வீடு சின்னதுதான் துரை. ஒரு ரூம், ஒரு ஹால். சமையக்கட்டுல நல்ல வெளிச்சம். ஹால்லயே நான் படுத்துப்பேன். எனக்கு ஹால் போதும்."

எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

அவர் ஹாலில் படுத்தால் அறையில் யார்? இதைக் கண்டுபிடிக்க என்ன பெரிய படிப்பு வேண்டும்? கேட்கிறார். அவருக்குத் தெரிந்த விதத்தில், சுற்றி வளைத்துக் கேட்கிறார். மாமியாரைக் கூப்பிட்டால் மச்சான் என்ன நினைப்பானோ, கிழவி என்ன நினைப்பாளோ என்று பயப்படுகிறார், பாவம். அழுத பிள்ளைக்குத்தான் பால். நாளைக்குக் காலையில் வண்டி ஏறியதும் சொல்லிவிடுவது என்று அவள் முடிவு கட்டினாள். வாக்கியத்தைக்கூடத் தயார் செய்துவிட்டாள். "துரை, ரூம் சும்மாதானே கிடக்கும், நான் படுத்துக்கறேன்னு உங்கப்பாகிட்ட சொல்லு." மகள் போன பிறகு அன்றைக்குத்தான் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

இனி நடந்ததைக் கேளுங்கள். உலகத்தில் வேறு எந்தக் குடும்பத்திலும் இது நடந்திருக்காது.

காலையில் மைக்கம்மா குளித்துக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை நாய்க்கு ரொட்டியில் வைத்து ஒரு மாத்திரை கொடுத்தார். பிறகு அவர் கார் கண்ணாடியைத் துடைக்கப் போனார். அந்த நேரத்தில் அவள், மாப்பிள்ளைக்கு எதுக்குச் சிரமம் என்று, அட்டையை உற்றுப் பார்க்காமலே பிஸ்கட்டில் வைத்து ஒரு மாத்திரை கொடுத்தாள். "குடுத்தாச்சா?" "குடுத்தாச்சு." கேட்டிருந்தால் போதும், இரண்டே வார்த்தை. மற்ற வீடுகளில் நாள் முழுக்க இறைந்து கிடக்கிற வார்த்தைகள்தான்.

ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் துரை சாய்ந்துவிட்டது. முன் சீட்டில் நீட்டிப் படுத்து, நாக்கு ஓரமாகத் தொங்க, குறட்டை. மைக்கம்மா பையைத் திறந்து மாத்திரை அட்டையைப் பார்த்தாள். இரண்டு பள்ளம் காலியாக இருந்தது. அட்டையை முன்பக்கம் நீட்டினாள். மாப்பிள்ளை பார்த்தார். தன் நெஞ்சைத் தொட்டு ஒரு விரலைக் காட்டினார். அவளும் ஒரு விரலைக் காட்டினாள்.

வண்டியை நிறுத்தி வைத்தியருக்குப் போன் போட்டார். "பயப்படாதீங்க, உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ராத்திரி வரைக்கும் எழுப்பினாலும் எழுந்திருக்காது" என்று போனுக்குள்ளிருந்து வந்த குரல் பின் இருக்கை வரை கேட்டது. மாப்பிள்ளை நாயின் வயிற்றில் கை வைத்து, ஏறி இறங்குவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினார்.

"துரை" என்று மைக்கம்மா கூப்பிட்டுப் பார்த்தாள். மடங்கிய காதுகூட அசையவில்லை. சொல்லியிருக்கலாம். நாய் கேட்டால் என்ன, கேட்காவிட்டால் என்ன, கேட்க வேண்டியவர் விழித்துக்கொண்டுதானே இருக்கிறார்? உங்களுக்கும் எனக்கும் சுலபமாகத் தோன்றும். அவளால் முடியவில்லை. ஆஸ்பத்திரியில் மகள் கண் திறக்காமல் கிடந்த அந்தக் கடைசி வாரம், கட்டிலுக்கு இந்தப் பக்கம் இவளும் அந்தப் பக்கம் அவரும் உட்கார்ந்திருந்தார்கள். "அத்தை சாப்பிட்டாங்களான்னு கேளும்மா" என்பார் அவர், மகளின் கையைப் பிடித்துக்கொண்டு. "சாப்பிட்டேன்னு சொல்லுடி, அவர வீட்டுக்குப் போய்க் கொஞ்ச நேரம் படுக்கச் சொல்லுடி" என்பாள் இவள். குழாய் மாற்ற வந்த நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனாள். நடுவில் கிடந்தவளுக்கு எதுவும் கேட்கவில்லை. அன்றைக்கு மைக்கம்மா முடிவு செய்தாள், இனி ஜென்மத்துக்கும் கேட்காத காதில் பேசுவதில்லை என்று. தொங்குகிற நாக்கையும் மூடிய கண்ணையும் பார்க்கப் பார்க்க அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வந்தது.

மாப்பிள்ளையும் இரண்டு தடவை கண்ணாடியில் பின்னால் பார்த்தார், இரண்டு தடவை நாயைப் பார்த்தார். டீக்கடைகள் வந்தன, போயின. நிறுத்தட்டுமா என்று கேட்க ஆள் இல்லாததால் நிறுத்தவும் இல்லை. நேற்று ஆமை மாதிரி ஊர்ந்த வண்டி இன்றைக்கு எங்கும் நிற்காமல் ஓடி, வெயில் தாழ்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

நாலு மாடிக் கட்டிடம். மகனும் மருமகளும் வாசலுக்கே வந்து நின்றார்கள். மகன் அம்மாவைக் கட்டிக்கொண்டான், மருமகள் பெட்டியை வாங்கிக்கொண்டாள். பிறகு மகன் காருக்குள் எட்டிப் பார்த்தான்.

"நாய் வருதா? சொல்லவே இல்லியே மாமா."

மாப்பிள்ளை மைக்கம்மாவைப் பார்த்தார். மைக்கம்மா காரைப் பார்த்தாள். அத்தை சொல்லியிருப்பார் என்று அவரும், அவர் சொல்லியிருப்பார் என்று இவளும் இருந்திருக்கிறார்கள். வேறென்ன?

"இந்தக் கட்டடத்துல நாய் வளர்க்க விடமாட்டாங்க மாமா. எதிர்வீட்டுக்காரர் வச்சிருந்ததையே போன மாசம் வெளிய அனுப்பச் சொல்லிட்டாங்க. தப்பா எடுத்துக்காதீங்க."

"இதுல என்ன மச்சான். நான் கொண்டுபோறேன்" என்றார் மாப்பிள்ளை.

"மேல வாங்க, சாப்பிட்டு, படுத்துட்டுக் காலையில போலாம்."

"இல்ல, இது எழுந்தா தேடும். நாளைக்கு மறுநாள் வேலையில வேற சேரணும்."

பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்கின. மகளின் படம் இருந்த பெட்டியை மாப்பிள்ளையே தூக்கிவந்து படியருகில் வைத்தார். பின் இருக்கை காலியானது. நாயும் போகிறது என்றால் இனி ஒரு பாலமும் இல்லை என்று மைக்கம்மாவுக்கு உறைத்தது. தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன? வெட்கமாவது மண்ணாங்கட்டியாவது. அவர் டிரைவர் பக்கக் கதவைத் திறக்கும் நேரத்தில் அவள் நாலு எட்டு வைத்து அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாப்பிள்ளை" என்றாள்.

அந்தச் சொல்லை அவர் முகத்தைப் பார்த்து அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. குரல் நடுங்கியது. ஒலிபெருக்கியில் ஊரையே அதட்டிய குரல்.

"நான் உங்ககூடவே வந்துடட்டுமா?"

மருமகள் படியில் நின்றுவிட்டாள். மகன் பெட்டியைக் கீழே வைத்தான். மாப்பிள்ளையின் முகத்தில் ரத்தம் ஏறி இறங்கியது. அவர் கண் அவள் கண்ணைப் பார்த்தது, தாங்க முடியாமல் விலகி, பழக்கத்தில் கார் ஜன்னலுக்குள் போனது.

"துரை" என்றார்.

நாய் தூங்கிக்கொண்டிருந்தது. அவர் காத்திருந்தார். அது எழுந்தால் சொல்லிவிடுபவர் போல, ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தே நின்றார். அது புரண்டுகூடப் படுக்கவில்லை.

"அம்மாவுக்கு நாயை விட மனசில்ல மாமா, அதான்" என்று மகன் சிரித்து நிலைமையைச் சமாளித்தான். "வாம்மா. அவருக்கு அங்க ஆயிரம் வேலை இருக்கும்."

மாப்பிள்ளை நிமிர்ந்தார். மைக்கம்மாவைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்துத் திரும்பினார்.

"அத்தைகிட்ட சொல்லுங்க மச்சான்" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "உடம்பைப் பாத்துக்கச் சொல்லுங்க."

மகனுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா பக்கத்திலேயேதானே நிற்கிறாள்? இருந்தாலும் சொன்னான்.

"உடம்பப் பாத்துக்கணுமாம், அம்மா."

மைக்கம்மா புடவைத் தலைப்பை இழுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

"சரின்னு சொல்லுடா" என்றாள்.

மகன் திரும்புவதற்குள் கார் கிளம்பியிருந்தது.